ஏழாவது ஆள்

உடற்கூறியல், செய்முறை வகுப்பு.
இடங்கள் இருபத்து நான்கு. நிரம்பிவிட்டது.
காத்திருப்போர் பதினொன்று.
அதில் நான் ஏழு.

ஏன் இருபத்து நான்கு என்று
பதிவாளர் அலுவலக ஜன்னலில் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
திருமதி வோய்சிக் சொன்னாள்:
மேசை நான்கு, மேசைக்கு ஓர் உடல்,
உடலுக்கு ஆறு பேர்.
ஏழாவது ஆளுக்குக் கை வைக்க இடமில்லை, கண்ணு.

கூடவே ஒரு தாள் தந்தாள்.
இருபுறமும் பொடி எழுத்து.
எவனும் படிப்பதில்லை என்றாள்.
நான் படித்தேன்.
யாராவது விலகினால் வரிசை ஒரு படி நகரும்.
முதலில் நிற்பவருக்கு மின்னஞ்சல் போகும்;
போன நிமிடத்திலிருந்து ஒரு நாள் கெடு.
தூங்கிவிட்டால் போச்சு.
கட்டண பாக்கி இருந்தால் உன்னைத் தாண்டிப் போகும்.
அபராத பாக்கி இருந்தாலும் தாண்டிப் போகும்.
தாண்டிப் போனதை உன்னிடம் சொல்லவும் சொல்லாது.
செப்டம்பர் ஒன்பது நள்ளிரவில்
பட்டியல் தானாகவே அழிந்துவிடும்.

டுலூத்தின் வடக்கே, ஏரியோர நெடுஞ்சாலையில்
பெட்ரோல் பங்கில் எனக்கு இரவு வேலை.
மூடுபனிக்குள் இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று
கனைத்துக்கொண்டே இருக்கும்.
மீன்பிடிக்கப் போகிறவர்கள் வந்து
புழு டப்பா கேட்பார்கள்.
எடுத்துக் கொடுத்துவிட்டு ஈரக் கையோடு
போனைத் தேய்ப்பேன்.
ஏழு.
ஏழு.
ஏழு.

என்னை நல்லவள் என்றுதான் நினைத்திருந்தேன்.
முகம் தெரியாத இருபத்து நான்கு பேருக்கும்
வேண்டிக்கொண்டேன்:
உங்களில் ஒருவருக்கு அரிசோனாவில் காதல் வாய்க்கட்டும்.
ஒருவருக்கு மருந்து வாடையில் தலை சுற்றட்டும்.
ஒருவருக்குத் திடீரென்று வரலாறு பிடித்துப்போகட்டும்.
ஒருவருடைய அப்பாவுக்கு

அங்கே நிறுத்திக்கொண்டேன்.
கல்லாவில் சில்லறையை மறுபடி எண்ணினேன்.

ஆறாவது ஆள் ஐனோ ராடிக்கா.
அறிவிப்புப் பலகையடியில் பழக்கம்.
மாற்றி மாற்றிக் காபி வாங்கிக் கொடுத்தோம்.
நான்கு மூன்றானபோது கைதட்டிக்கொண்டோம்.
எனக்கு எப்போதும் அவன் முதுகுதான்,
அவனுக்கு யாருடைய முதுகோ.
ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான்:
பார்க்கிங் அபராதம் நாற்பது டாலர்,
கட்டவே மாட்டேன், அந்த இடத்தில் பலகையே கிடையாது, தெரியுமா?

தெரியும் என்றேன்.
பலகையைப் பற்றி.

எட்டாம் தேதி, அதிகாலை மூன்று பத்து.
அவன் ஒன்று, நான் இரண்டு.
என் போன்தான் அதிர்ந்தது.
கெடு ஒரு நாள் முழுக்க இருந்தது.
நான் எடுத்துக்கொண்டது நான்கு நொடி.

காலையில் கேட்டான்: இன்னும் ஒன்றிலேயே நிற்கிறேன், நீ?
கிடைத்துவிட்டது என்றேன்.
வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்,
அதாவது சுவரை.
இந்த முறையும் காபி அவன்தான் வாங்கினான்.
பங்குக் கல்லாவில் நாற்பது டாலர்
எத்தனை முறை என் கைமாறியிருக்கும்.
அந்தத் தாள் என் பையில்
நான்காய் மடிந்து கிடந்தது.

எனக்குக் கொடுத்த அலமாரி பத்தொன்பது.
கதவில் பாதி உரிந்த ஒட்டுத்தாள்: பெலாஞ்சர், எம்.
உள்ளே அவன் விட்டுப்போன கையுறைப் பெட்டி.
ஏன் விலகினான்?
அதெல்லாம் சொல்லக் கூடாது என்றாள் திருமதி வோய்சிக்.

மூன்றாவது மேசை. ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.
வெள்ளைத் துணியருகே ஓர் அட்டை:
பெண், வயது எண்பத்தொன்று,
உடல்தானப் பதிவு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்.
அத்தனை காலம் அவளும்
ஒரு பட்டியலில்தான் இருந்திருக்கிறாள்.
அந்த வரிசையில் யாரும் யாரையும் முந்தவில்லை.

இடது தோளருகே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி.
போய் நின்றேன்.
பெலாஞ்சரின் கையுறை எனக்குப் பெரிது.
விரல் நுனி ஒவ்வொன்றிலும்
கொஞ்சம் காற்று.